சார்ஜில் போட்ட வண்டி எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் லைன் வீடுகள் அதிகம். ஒரு காம்பவுண்டுக்குள் எட்டு வீடு, பத்து வீடு. நடுவில் வண்டி நிறுத்த ஒரு சந்து. இரவு ஏழரை, எட்டு மணிக்கு அங்கே நின்று பார்த்தால் ஜன்னல் கம்பி இடுக்கில் வயர்கள் இறங்கி, ஸ்கூட்டர்களில் போய்ச் சொருகியிருக்கும். அப்படி ஒரு காம்பவுண்டில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். ஆறு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், ஆறும் சார்ஜில். பத்து மணிக்கு மறுபடி எட்டிப் பார்த்தபோது நாலு வண்டி நிறைந்துவிட்டது. பிளக்கை யாரும் பிடுங்கவில்லை. காலையில் எட்டு மணிக்கு ஜெனரல் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போதுதான் பிடுங்குவார்கள்.

பத்திலிருந்து எட்டு வரை பத்து மணி நேரம் அந்த வண்டிகள் சும்மா நின்றன. மின்சார வண்டிகள் பெருகினால் கரண்ட் போதுமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் யூனிட் கணக்குப் போடுகிறார்கள். நான் அந்தச் சும்மா நின்ற நேரத்தைத்தான் கணக்கில் எடுப்பேன். எந்த வண்டி எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சார்ஜிங் பழக்கங்களை வகைவகையாகப் பிரிக்கும் ஆராய்ச்சிகள் தேடுவதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

முதலில் சின்னக் கணக்கு. இப்போது ஓடும் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 3 முதல் 4 யூனிட் பிடிக்கும் பேட்டரி இருக்கிறது. வீட்டு சார்ஜர் சுமார் 750 வாட். முழுக்கக் காலியான வண்டி நிறைய ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஆனால் முழுக்கக் காலியாக்கிக்கொண்டு வீடு வருபவர் அபூர்வம். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜர் சூட்டில் போவதையும் சேர்த்து, ஒன்றரை யூனிட்டில் அடங்கிவிடும். அதாவது இரண்டு மணி நேர சார்ஜ். வண்டி வீட்டில் நிற்பதோ பன்னிரண்டு மணி நேரம்.

மாநில அளவில் பார்த்தால் இது பெரிய சுமையே இல்லை. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஒரு லட்சம் ஸ்கூட்டர்களை ஒரே நொடியில் சார்ஜில் போட்டாலும் 75 மெகாவாட்தான் வரும். அதில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் மின்சாரம் சென்னையிலிருந்து நேராக வீட்டு பிளக்குக்கு வருவதில்லை, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வழியாக வருகிறது. அங்கே வந்ததும் கணக்கு மாறிவிடும்.

100 கேவிஏ (டிரான்ஸ்பார்மரின் திறனைச் சொல்லும் அளவு, ஏறக்குறைய கிலோவாட் போல) டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கீழுள்ள வீடுகளில் 40 ஸ்கூட்டர்கள் சேர்ந்தாற்போல் சார்ஜ் ஆனால் 30 கிலோவாட். டிரான்ஸ்பார்மரின் திறனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதே தெருவில் 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வைத்த கார்கள் நாலு வந்தாலே 28.8 கிலோவாட் ஆகிவிடுகிறது. நாலு கார், நாற்பது ஸ்கூட்டருக்குச் சமம். அதுவும் டிவி, மின்விசிறி, இன்டக்ஷன் அடுப்பு, ஏசி எல்லாம் ஓடும் அதே ஏழு மணிக்கு வந்து சேர்ந்தால்? பீஸ் போகும், லைன்மேன் வருவார், போட்டுவிட்டுப் போவார். வெளியே தெரிவது அவ்வளவுதான். தெரியாத சேதம் டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கிறது. உள்ளே கம்பிச் சுருளைச் சுற்றியிருக்கும் காப்பு பெரும்பாலும் காகிதம். சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரியைத் தாண்டியபின், கூடும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அந்தக் காகிதம் கிழடாகும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் சர்வதேசக் கணக்கு. சுருள் மூழ்கியிருக்கும் எண்ணெய் சாயங்காலம் சூடானபின் ஆறுவதற்கு நள்ளிரவுக்குமேல் கிடைக்கும் இடைவேளைதான் டிரான்ஸ்பார்மருக்கு ஓய்வு. வண்டிகளை இரவுக்குத் தள்ளும்போது அந்த ஓய்விலும் கொஞ்சம் கை வைக்கத்தான் போகிறோம். அளவோடு வைக்க வேண்டும்.

மண்டியில் மாங்காய் பிரிப்பது போல

இனி வகைப்படுத்தலுக்கு வருவோம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், மாம்பழ சீசனில் ஒருமுறை மண்டிக்குப் போய்வந்தால் போதும். கொட்டிய குவியலில் எந்தப் பழத்திலும் பெயர் எழுதியிருக்காது. கூழ் ஆலைக்கு அனுப்புபவர் பழுத்த பதத்தைப் பார்த்துப் பிரிப்பார். வெளியூர் லோடுக்கு ஏற்றுபவர் கெட்டியைப் பார்த்துப் பிரிப்பார். பெட்டி கட்டுபவர் அளவைப் பார்ப்பார். குவியல் ஒன்றுதான், எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கூறுகள் மாறும்.

கணினி செய்வதும் இதே வேலைதான். அதிகம் பயன்படும் முறைக்குக் கே-மீன்ஸ் என்று பெயர். நாலு கூறு வேண்டுமென்றால் குவியலிலிருந்து நாலு பழத்தை மாதிரியாக எடுத்து வை. மற்ற ஒவ்வொன்றையும் எந்த மாதிரிக்கு நெருக்கமோ அதன் பக்கம் தள்ளு. பிறகு ஒவ்வொரு கூறின் சராசரியையும் புதிய மாதிரியாக வைத்துக்கொண்டு மறுபடி பிரி. எந்தப் பழமும் இடம் மாறாத நிலை வரும்போது நிறுத்து. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாயிட் 1957-லேயே இதை எழுதிவிட்டார், தொலைபேசிக் குரலை எண்களாக்கும் வேலைக்காக. அச்சில் வந்தது 1982-ல். பெயரை 1967-ல் வைத்தவர் ஜேம்ஸ் மக்வீன் என்ற ஆய்வாளர். ஆக, நம் ஊர் ஸ்கூட்டரைப் பிரிக்கப் பயன்படும் கருவி, ஸ்கூட்டருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது.

கருவி எளிது. எதை அளந்து அதற்குள் போடுகிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. ஒவ்வொரு சார்ஜுக்கும் குறைந்தது மூன்று விவரம் வேண்டும்: எப்போது சொருகினார், எப்போது பிடுங்கினார், நடுவில் எத்தனை யூனிட் ஏறியது. இந்த மூன்றிலிருந்து நாலாவது தானாக வந்துவிடும், அதாவது காத்திருக்கக்கூடிய நேரம். பன்னிரண்டு மணி நேரம் சொருகியிருந்து இரண்டு மணி நேரம் மட்டும் ஏறியிருந்தால் மிச்சம் பத்து. வெறும் யூனிட்டை வைத்துப் பிரித்தால் காரும் ஸ்கூட்டரும் தனித்தனியாக விழும், அதைச் சொல்லக் கணினி தேவையில்லை. மிச்ச நேரத்தை வைத்துப் பிரித்தால்தான் உபயோகம்.

நேரத்தைக் கையாள்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரவு 11:30-க்குச் சொருகுபவருக்கும் 12:30-க்குச் சொருகுபவருக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். கணினிக்கு 23.5, 0.5 என்று எண்ணாகக் கொடுத்தால் 23 மணி நேரம் தள்ளி இருப்பதாக நினைத்து, இருவரையும் எதிரெதிர்க் கூறில் போட்டுவிடும். அதனால் மணியை எண்ணாகக் கொடுக்காமல், கடிகார வட்டத்தில் முள் நிற்கும் புள்ளியாகக் கொடுக்க வேண்டும். சைன், கொசைன் என்று பள்ளியில் படித்தது இங்கே உதவுகிறது.

நெதர்லாந்தில் பொது சார்ஜர்களின் லட்சக்கணக்கான பதிவுகளைக் கூறு பிரித்துப் பார்த்தார்கள். மூன்று கூறு விழுந்தது. சாயங்காலம் வீட்டருகே சொருகி காலையில் எடுப்பவர்கள், காலையில் வேலையிடத்தருகே சொருகி சாயங்காலம் எடுப்பவர்கள், சார்ஜுக்காகவே வந்து நின்று ஏறியதும் போய்விடுபவர்கள். முதல் இரண்டு கூறுகளில் காத்திருக்கும் நேரம் தாராளம், மூன்றாவதில் கிட்டத்தட்ட இல்லை. அந்த மூன்றை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஓசூரில் வைத்தால் பொருந்துமா? எனக்கு நம்பிக்கை இல்லை. காரணம், இங்கே ஷிப்ட் இருக்கிறது.

ஏ, பி, சி

பல ஆலைகளில் ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10, சி ஷிப்ட் 10 முதல் காலை 6. ஏ ஷிப்ட்காரர் மூன்று மணிவாக்கில் வீட்டுக்கு வந்து வண்டியைச் சார்ஜில் போடுகிறார் என்று வையுங்கள். பி ஷிப்ட்காரர் பதினொன்றுக்கு. சி ஷிப்ட்காரர் காலை ஏழுக்கு. மூவருக்கும் அடுத்த டூட்டி வரை கிட்டத்தட்ட பதினாலு மணி நேரம் கையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினாலு மணி நேரம் மூவருக்கும் ஒன்றல்ல. சி ஷிப்ட்காரர் பகலெல்லாம் தூங்கும்போது அவர் வண்டி முழு வெயிலிலும் சும்மா நிற்கிறது. சூரிய மின்சாரத்தை உள்வாங்க அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. பி ஷிப்ட்காரர் மறுநாள் ஒரு மணிக்குத்தான் கிளம்புவார் என்பதால், இரவு சொருகியதைக் காலை ஒன்பதுக்குமேல் ஏற்றினாலும் அவருக்கு நஷ்டமில்லை. சிக்கல் ஏ ஷிப்ட்டில்தான். மூன்று மணிக்கே சொருகிவிட்டால் வெயில் சாய்வதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிடும். மார்க்கெட், பிள்ளைகளின் ட்யூஷன் என்று ஒரு சுற்றுப் போய்வந்து ஏழுக்குச் சொருகினால் ஜெனரல் ஷிப்ட் கூட்டத்தோடு சேர்ந்துவிடும்.

இதைவிடச் சுவையான விஷயம், ஷிப்ட் சுழல்வது. இந்த வாரம் ஏ என்றால் அடுத்த வாரம் பி. ஒருவருடைய மூன்று வாரப் பதிவை எடுத்து, 'இவர் எத்தனை மணிக்குச் சார்ஜ் போடுபவர்?' என்று சராசரி பார்த்தால் என்ன வரும்? 15, 23, 7 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 15. அதாவது, ஆள் நிரந்தர ஏ ஷிப்ட் என்று கணினி சொல்லும். சரி, கடிகார வட்டத்தில் வைத்துச் சரியாகவே செய்வோம் என்றால் இன்னும் வேடிக்கை: மூன்று புள்ளிகளும் எட்டெட்டு மணி நேர இடைவெளியில் இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சராசரி முள் வட்டத்தின் நடுவில் போய் நிற்கும். எந்த மணியையும் காட்டாது. ஆகவே, இங்கே ஆளைப் பிரிக்கக் கூடாது, ஒவ்வொரு சார்ஜையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஒரே ஆள் மாதத்தில் மூன்று கூறுகளில் இருப்பார். நாலாவது வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனால் எதிலும் இருக்க மாட்டார்.

கிராமப் பக்கம் படம் வேறு. பாலக்கோடு, ராயக்கோட்டைச் சுற்றில் விடியற்காலை பால் ஊற்றப் போகும் வண்டி, மறுபடி சாயங்காலப் பாலுக்குத்தான் கிளம்பும். நடுப்பகல் முழுக்கத் திண்ணையோரம் நிற்கும். சி ஷிப்ட்காரருடைய வண்டி போலவே இதுவும் பகலில் காத்திருக்கும் வண்டி. தக்காளி மார்க்கெட்டுக்கு ஓடும் மின்சார ஆட்டோவை அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு ஓட்டம் நின்றால் வருமானம் நின்றது. கிராமத்தில் இன்னொரு விஷயம், டிரான்ஸ்பார்மரைக் கிணற்று மோட்டாரோடு பகிர வேண்டும். மும்முனை வந்தவுடன் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓட, வோல்டேஜ் இறங்கும். இறங்கினால் ஸ்கூட்டர் சார்ஜர் குறைவாக இழுக்கும் என்று நினைப்போம். நடப்பது தலைகீழ். அதற்கு வேண்டிய வாட் மாறாது என்பதால் வோல்டேஜ் குறையும் அளவுக்கு ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், லைன் இன்னும் தொய்யும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் சார்ஜரே தன்னை அணைத்துக்கொள்ளும். பகலில் காத்திருக்க முடிந்தாலும், அந்த வண்டிக்கு நல்ல நேரம் எது என்பது மோட்டார் ஓடும் நேரத்தைப் பொறுத்தது.

கடைசியாக நெடுஞ்சாலை. பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் போகும் 44-ம் எண் சாலையும் சென்னை பக்கம் பிரியும் 48-ம் எண் சாலையும் சந்திக்கும் ஊர் கிருஷ்ணகிரி. பெங்களூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்புபவர்களும், ஞாயிறு சாயங்காலம் திரும்புபவர்களும் கார் சார்ஜுக்கு நிற்க வாகான தூரம். 60 கிலோவாட் வேக சார்ஜர் ஒன்று, சார்ஜில் இருக்கும் எண்பது ஸ்கூட்டருக்குச் சமம். டீ குடித்து, பாத்ரூம் போய்வரும் நேரத்துக்குமேல் அந்தக் கார்க்காரர் காத்திருக்க மாட்டார். பொங்கல், தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். இந்தக் கூறிடம் 'அப்புறம் ஏற்றிக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சுவதில் அர்த்தமில்லை. நிலையத்திலேயே பேட்டரி வைத்துப் பகலில் நிரப்பிக்கொள்ளலாம், அல்லது இந்தச் சுமைக்கென்றே தனி டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். அவ்வளவுதான் வழி.

பத்து மணி அடித்தவுடன்

கூறு கூறாகப் பிரித்தாயிற்று. அதை வைத்து என்ன செய்வது? அரசுகள் முதலில் எடுக்கும் ஆயுதம் கட்டணம். 2023-ல் திருத்தப்பட்ட மத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரத்துக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும் என்கின்றன. 2024 செப்டம்பரில் வந்த சார்ஜிங் வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போனது. பொது சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை ஒரு யூனிட் வழங்க ஆகும் சராசரிச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்றது. திசை சரிதான். ஆனால் நம் வண்டிகள் பெரும்பாலும் சார்ஜ் ஆவது வீட்டு பிளக்கில். வீட்டு இணைப்பில் நேரத்துக்கு ஒரு விலை வைக்க, எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று பதிவு செய்யும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் மீட்டருக்கு இரவு எது, பகல் எது என்று தெரியாது.

லைன் வீட்டில் அது வந்தாலும் பயனில்லை என்பேன். அங்கே வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் வாங்குகிறார். மின்வாரியம் நடுப்பகலில் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அது வீட்டுக்காரரின் பில்லில் நின்றுவிடும். குடியிருக்கும் சி ஷிப்ட்காரருக்கு எட்டாது. எந்தக் கூறு அதிகம் காத்திருக்கத் தயாராக இருக்கிறதோ, அந்தக் கூறுக்கே தள்ளுபடி போய்ச் சேரவில்லை.

இன்னொரு ஆபத்து, கட்டணம் வேலை செய்துவிட்டால் வருவது. இரவு பத்து மணிக்கு மேல் மலிவு என்று அறிவித்தால் எல்லோரும் ஆப்பில் பத்து மணி என்று டைமர் வைத்துவிடுவார்கள். ஏழு மணிக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒருவர் பின் ஒருவராக வந்த நாற்பது வண்டிகள், இப்போது பத்து அடித்தவுடன் ஒரே நொடியில் விழித்துக்கொள்ளும். முன்பு தானாகவே சிதறி இருந்ததை நாமே கூட்டிச் சேர்த்த கதை. பிரிட்டன் இதை முன்கூட்டியே யோசித்து, 2022 ஜூன் இறுதியில் அமலுக்கு வந்த ஸ்மார்ட் சார்ஜர் விதிகளில் ஒரு நிபந்தனை வைத்தது: குறித்த நேரம் வந்ததும் சார்ஜர் உடனே தொடங்கக் கூடாது, பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நொடியைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்துத் தொடங்க வேண்டும். வீட்டுக்கு வீடு நொடி மாறுவதால் சுமை படியேறுவதுபோல் வரும், சுவர்போல் எழாது.

கூறுகள் தெரிந்திருந்தால் பத்து நிமிடத்தோடு நிற்க வேண்டியதில்லை. நாற்பது ஸ்கூட்டருக்கு ஒன்றரை யூனிட் வீதம் மொத்தம் 60 யூனிட். பத்து மணிக்கு எல்லாம் ஒன்றாகத் தொடங்கினால் 30 கிலோவாட். காலை ஆறுவரை எட்டு மணி நேரத்தில் முறை வைத்துப் பரப்பினால் 7.5 கிலோவாட். டிரான்ஸ்பார்மரை மாற்றாமல், யாரையும் காக்க வைத்து எரிச்சலூட்டாமல், நாலில் ஒரு பங்கு. ஏரித் தண்ணீருக்கு முறை வைத்தவர்களுக்கு இது புதிதில்லை.

எந்த நேரத்துக்குத் தள்ளுவது என்பதும் வருடம் முழுக்க ஒன்றாக இருக்காது. தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் ராத்திரியிலும் அவை சுற்றுகின்றன. அப்போது நள்ளிரவு சார்ஜ் நல்ல சார்ஜ். தை, மாசியில் காற்று ஓய்ந்திருக்கும், வெயில் இருக்கும். அப்போது பகலுக்குத் தள்ள வேண்டும். ஜூலையில் கண்டுபிடித்த விதியைப் பிப்ரவரியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தப்பாகப் போகும்.

சரி, இந்தப் பதிவுகள் யாரிடம் இருக்கின்றன? பொது சார்ஜர்களில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யூனிட் எல்லாம் தானாகவே பதிவாகின்றன. வீட்டு பிளக்கில் ஏறுவது மின்வாரியத்துக்குத் தெரியாது. வண்டி கம்பெனிக்கு வண்டியே தகவல் அனுப்புவதால் அவர்களுக்குத் தெரியும். ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் ஸ்கூட்டர் செய்கின்றன. அந்த ஆலைகளிலிருந்து வெளியே போன வண்டிகள் எப்போது சொருகப்படுகின்றன என்ற கணக்கு அந்தந்தக் கம்பெனியின் கணினியில் இருக்கிறது. அதே மாவட்டத்தில் டிரான்ஸ்பார்மரைக் காக்கும் லைன்மேனிடம் இல்லை. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் ஓரளவு ஊகிக்கலாம். கீசர் சுமார் இரண்டு கிலோவாட்டுக்குக் குதித்து இருபது நிமிடத்தில் இறங்கிவிடும். ஸ்கூட்டர் அப்படியில்லை, 750 வாட்டில் ஒரு படி ஏறி மணிக்கணக்கில் சமமாக ஓடி, பேட்டரி நிறையும் தறுவாயில் வால்போல் மெல்ல இறங்கும். பழகிய கண்ணுக்கு அந்த வால் போதும்.

அதே வால் வேறு கண்களுக்கும் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. வண்டி எப்போது சொருகப்படுகிறது என்று தெரிந்தால் வீட்டில் ஆள் எப்போது இல்லை என்பதும் தெரியும். வீடு வாரியாகப் பதிவுகளை வைத்துக்கொள்ள அவசியமே இல்லை. டிரான்ஸ்பார்மர் வாரியாகக் கூட்டி, எந்தக் கூறில் எத்தனை வண்டி என்ற எண்ணிக்கை கிடைத்தால் முறை வைத்துவிடலாம்.

உண்மையில் அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு இப்போதே ஒரு தாளில் இருக்கிறது. பல ஆலைகளில் அடுத்த வாரம் யார் யார் எந்த ஷிப்ட் என்ற பட்டியலை வாரக் கடைசியிலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுகிறார்கள். பெயர்களை விட்டுவிட்டு, எந்த ஏரியாவிலிருந்து எத்தனை பேர் ஏ, எத்தனை பேர் பி, எத்தனை பேர் சி என்று எடுத்தால், அடுத்த வாரம் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வண்டிகள் சொருகப்படும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். இப்போதைக்கு அந்தத் தாள் கம்பெனி பஸ் ரூட் போடவும், கேண்டீனில் எத்தனை சாப்பாடு என்று சொல்லவும் போய்க்கொண்டிருக்கிறது.